ஒன்றும் வரக்கூடாத குழாய்

ஏப்ரல் கடைசியில் பருவத் தேர்வு முடிந்து விடுதிகள் காலியாகும்போது, உயிரியல் படிக்கும் சில மாணவர்கள் மட்டும் சொந்த ஊருக்குப் போகாமல் பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் புனேவுக்கும் ரயில் ஏறுகிறார்கள். ஏதோ ஓர் ஆய்வுக்கூடத்தில் அவர்களுக்கு எட்டு வாரம் இடம் கிடைத்திருக்கிறது. இந்தியாவின் மூன்று அறிவியல் அகாடமிகளும் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வு உதவித்தொகைத் திட்டத்தில் சிலர் தேர்வாகியிருப்பார்கள். அதில் மாத உதவித்தொகையும் ரயில் கட்டணமும் உண்டு. வேறு சிலர் பேராசிரியர்களுக்கு மின்னஞ்சல் மேல் மின்னஞ்சல் அனுப்பி, யாரோ ஒருவர் ‘வா’ என்று எழுதியதை நம்பிக் கிளம்புகிறார்கள்.

ஐந்தாறு வருடம் முட்டி மோதினால்தான் ஒரு முனைவர் பட்டம் கைக்கு வரும் துறை இது. இதில் எட்டு வாரத்தில் ஓர் இளநிலை மாணவர் எதைக் கற்றுவிட முடியும்? வழியனுப்ப வரும் பெற்றோர் இதைக் கேட்கிறார்கள். வருடாவருடம் மாணவர்களுக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதும் ஆசிரியனான எனக்குள்ளும் இந்தக் கேள்வி உண்டு. திரும்பி வரும் பிள்ளைகளைக் கவனித்ததில் எனக்குக் கிடைத்த பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அவர்கள் எதை எடுத்துக்கொண்டு போகிறார்கள் என்பதை முதலில் பார்க்க வேண்டும். நம் கல்லூரிச் செய்முறை வகுப்பில் வெங்காய வேர் நுனி என்று ஒரு பயிற்சி உண்டு. தண்ணீரில் முளைக்கவிட்ட வேரின் நுனியை நறுக்கி, அசிட்டோகார்மின் சாயமேற்றி, கண்ணாடித் தகட்டில் வைத்துக் கட்டை விரலால் அழுத்தி, நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். செல் பிளவுபடும் நான்கு நிலைகளும் தெரிய வேண்டும் என்பது பாடம். பெரும்பாலும் தெரிவது ஒன்றன்மேல் ஒன்றாக நசுங்கிக் கிடக்கும் சிவப்புத் திட்டுகள். மாணவர் ஒரு கணம் பார்ப்பார். பிறகு நுண்ணோக்கியை விட்டு நகர்ந்து, பென்சிலைச் சீவி, சீனியரின் ரெக்கார்டு நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான்கு நிலைகளையும் அழகாக வரைவார். குரோமோசோம்கள் நடுக்கோட்டில் அணிவகுத்து நிற்கும். ஆசிரியர் கையெழுத்துப் போடுவார். மதிப்பெண் முழுதாக விழும்.

இதில் யாரும் யாரையும் ஏமாற்றியதாக நினைப்பதில்லை. வகுப்பில் ஐம்பது பேர், நுண்ணோக்கி பத்து, நேரம் மூன்று மணி. அந்த நெருக்கடியில் ஆசிரியர்களும் வேறு என்னதான் செய்வார்கள்? ஆனால் மூன்று வருடம் இப்படி வரைந்த கை ஒன்றை ஆழமாகக் கற்றுக்கொள்கிறது. கண்ணில் பட்டதைவிட வர வேண்டியதுதான் முக்கியம் என்பதே அது. விடை முன்கூட்டியே யாரிடமோ இருக்கிறது; நம் வேலை அவர் மனம் நிறையும்படி அதைத் திருப்பிக் கொடுப்பது. பள்ளி தொடங்கி நாம் பழகிய கல்வி முழுவதும் இந்த அடித்தளத்தில்தான் நிற்கிறது.

இந்தக் கையோடுதான் அந்த மாணவர் ஆய்வுக்கூடத்துக்குள் நுழைகிறார். முதல் நாளே அவரிடம் ஒரு நோட்டைக் கொடுக்கிறார்கள். தைத்துக் கட்டிய நோட்டு, பக்க எண் இட்டது. தேதி போட்டுப் பேனாவால் எழுத வேண்டும். தாளைக் கிழிக்கக் கூடாது. தப்பாக எழுதிவிட்டால் ஒரே ஒரு கோடு போட்டு அடிக்கலாம். அடித்தது என்னவென்று பிறகு வருகிறவர் படிக்கும்படி இருக்க வேண்டும். பிழையையும் பத்திரப்படுத்தச் சொல்லும் ஒரு நோட்டை அந்தப் பிள்ளை வாழ்க்கையில் முதல்முறையாகக் கையில் வாங்குகிறது.

வேலை பெரும்பாலும் சலிப்பூட்டுவது. அதை மறைக்க வேண்டியதில்லை. டிரோசோஃபிலா என்னும் பழ ஈயை வைத்து ஆய்வு செய்யும் இடத்தில் சேர்ந்தால், முதல் வாரத்து வேலை கன்னிப் பெண் ஈக்களைப் பொறுக்குவதாக இருக்கும். பெண் ஈ ஒருமுறை கூடினால் அந்த விந்தைப் பல நாள் உடலில் சேமித்து வைத்துக்கொள்ளும். அதன் பிறகு எந்த ஆணோடு விட்டாலும் பிறக்கும் குஞ்சுகளுக்குத் தகப்பன் யார் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆகவே கூட்டிலிருந்து வெளிவந்து எட்டு மணி நேரத்துக்குள், 25 டிகிரி வெப்பத்தில் வளரும் ஈயாக இருந்தால், அதைப் பிரித்தெடுத்துவிட வேண்டும். காலையில் வந்ததும் குப்பியைக் காலி செய்து, மதியம் புதிதாக வந்தவற்றை எடுத்து, மாலையில் மறுபடி எடுக்க வேண்டும். கார்பன் டை ஆக்சைடு கசியும் வெள்ளைப் பலகையில் ஈக்கள் மயங்கிக் கிடக்கும். மாணவி நுண்ணோக்கி வழியே குனிந்து, மெல்லிய தூரிகையால் ஒவ்வொன்றையும் புரட்டிப் பார்ப்பாள். வெளுத்த உடல், இன்னும் முழுதாக விரியாத சிறகு, வயிற்றின் அடியில் ஒரு கரும்புள்ளி. புழுவாக இருந்தபோது தின்ற கடைசி உணவு இன்னும் குடலில் இருப்பதன் அடையாளம் அந்தப் புள்ளி. அது தெரிந்தால் கன்னி. தெரியாவிட்டால் ஒதுக்கிவிட வேண்டியதுதான். ஈக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. ஆகவே அவளுக்கும் கிடையாது.

ஒரு பெண் ஈயைத் தவறாகப் பொறுக்கிப் போட்டால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. முட்டை ஈயாக ஏறக்குறைய பத்து நாளாகும். பத்து நாள் கழித்து, வரவே கூடாத கண் நிறத்தோடு ஓர் ஈ வெளியே வரும்போதுதான் தெரியும். அதற்காகத் திட்ட யாரும் வரமாட்டார்கள். மதிப்பெண்ணும் குறையாது. ஆனாலும் அந்தக் குப்பி வீண், அந்தப் பத்து நாளும் வீண். எட்டு வாரம் நமக்கு ஒரு கோடை. ஈக்கு அது ஐந்து தலைமுறை. அந்த ஐந்து தலைமுறைக்குள் மாணவி ஒன்றைப் புரிந்துகொள்கிறாள். தேர்வாளரிடம் கெஞ்சலாம், சமாளிக்கலாம், அழகான கையெழுத்தால் மனத்தைக் கவரலாம். ஈயிடம் அதெல்லாம் நடக்காது.

இன்னொரு அதிர்ச்சி பேராசிரியரிடமிருந்து வரும். வாரக் கூட்டத்தில் தன் முடிவுகளைக் காட்டிவிட்டு, “இது ஏன் சார் இப்படி வருது?” என்று மாணவி கேட்பாள். பாடப்புத்தகத்தில் தன் பெயரே இடம்பெற்றிருக்கக்கூடிய அந்த மனிதர் திரையை உற்றுப் பார்த்துவிட்டு, “தெரியலையேம்மா. நீ என்ன நினைக்கிற?” என்பார். அவள் பணிவின் காரணமாக ஒன்றும் சொல்லமாட்டாள். அவர் காத்திருப்பார். உண்மையாகவே அவருக்குத் தெரியாது என்பது அவளுக்கு உறைக்கச் சில நாளாகும். பதில் யாரிடமும் இல்லாத ஒரு கேள்வி உலகத்தில் இருக்கிறது, அதற்கு முன்னால் பேராசிரியரும் தானும் ஒரே உயரத்தில்தான் நிற்கிறோம் என்பது புரியும் அந்த நாளில் அவளுடைய கல்வி திசை மாறுகிறது. அதுவரை ‘தெரியவில்லை’ என்பது தலைகுனிய வேண்டிய வார்த்தை. இனிமேல் அது வேலை தொடங்கும் இடம்.

இத்தனையும் சேர்ந்து ஒரு பெரிய பாடத்துக்கு அவளைத் தயார் செய்கின்றன. அந்தப் பாடம் ஒரு சின்னப் பிளாஸ்டிக் குழாயில் இருக்கிறது.

கொரோனா காலத்தில் பி.சி.ஆர். என்ற சொல் ஊருக்கெல்லாம் தெரிந்தது. சோதிக்க வேண்டிய டி.என்.ஏ.வோடு பிரைமர்கள் என்னும் குறுந்துண்டுகள், நான்கு வகை நியூக்ளியோடைடுகள், ஒரு நொதி, பஃபர் ஆகியவற்றைக் குழாயில் சேர்த்துக் கருவிக்குள் வைப்பார்கள். 95 டிகிரியில் டி.என்.ஏ.வின் இரண்டு இழைகளும் பிரியும். 55 டிகிரியை ஒட்டி இறக்கினால் பிரைமர்கள் போய்த் தமக்குரிய இடத்தில் ஒட்டும். 72 டிகிரியில் நொதி புது இழையைக் கட்டும். ஒவ்வொரு சுற்றிலும் எண்ணிக்கை இரட்டிக்கும். 30 சுற்று ஓடினால், கணக்குப்படி, ஒரு மூலக்கூறு 107 கோடியாகும். இதன் பலமும் ஆபத்தும் இந்தப் பெருக்கத்தில்தான் இருக்கின்றன. மேசையிலோ கையுறையிலோ தண்ணீர்ப் புட்டியிலோ ஒட்டியிருந்த ஏதோ ஒரு பழைய டி.என்.ஏ. துணுக்கு தவறிக் குழாய்க்குள் விழுந்தாலும் அதுவும் கோடிக்கணக்கில் பெருகிவிடும். பெருகியது நாம் தேடியதா, வழியில் ஒட்டிக்கொண்டதா என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது.

அதனால் வரிசையில் எப்போதும் ஒரு குழாயைத் தனியாக வைப்பார்கள். மற்றக் குழாய்களில் உள்ள எல்லாமே அதிலும் இருக்கும், டி.என்.ஏ. மட்டும் இருக்காது. அதற்குப் பதிலாக அதே அளவு தண்ணீர். நெகட்டிவ் கன்ட்ரோல் என்பார்கள். அதில் ஒன்றும் வரக்கூடாது. புது உரத்தைச் சோதிக்கும் விவசாயி ஒரு பாத்திக்கு மட்டும் உரமிடாமல் விட்டுவைப்பது போலத்தான் இதுவும். மழை பெய்தும் பயிர் வளரும். உரத்தால் வளர்ந்ததா, மழையால் வளர்ந்ததா என்பதை அந்த ஒரு பாத்திதான் சொல்லும்.

என் மாணவி ஒருத்தி திரும்பி வந்து சொன்னது இது. கோடையின் பாதி கழிந்திருந்தது. தேடிய மரபணு ஒரு வாரமாகச் சிக்கவில்லை. அன்றைக்கு, பெருகிய டி.என்.ஏ. பட்டையாகத் தெரியும் ஜெல்லை எடுத்துப் புற ஊதா ஒளியில் வைத்தபோது, அவளுடைய மாதிரிகள் ஒவ்வொன்றிலும் எதிர்பார்த்த உயரத்தில் பளிச்சென்று ஒரு பட்டை. சத்தம் போட்டுக் கூப்பிட வாயெடுத்தவள் கடைசிக் கட்டத்தைப் பார்த்தாள். தண்ணீர் மட்டும் இருந்த கட்டத்திலும் அதே உயரத்தில், மங்கலாக, ஒரு பட்டை. படத்தின் வலது ஓரத்தைக் கொஞ்சம் வெட்டிவிட்டால் அது இருந்ததே யாருக்கும் தெரியாது. அவளுக்கு அது தோன்றியது. தோன்றியதை என்னிடம் அவள் மறைக்கவில்லை. பிறகு பக்கத்து மேசையில் இருந்த ஆய்வு மாணவியிடம் போய்ச் சொன்னாள்.

“அக்கா, கன்ட்ரோல்லயும் பேண்ட் வந்திருக்கு.”

“வந்திருக்கா? அப்ப இதுல எதுவுமே நம்மளுது இல்ல. தண்ணிய மாத்து, புது பிரைமர் எடு, முதல்லேர்ந்து போடு. நோட்டுல எழுதிட்டியா?”

எழுதினாள். பட்டை வந்த படத்தை முழுசாக ஒட்டி, கீழே ‘கன்ட்ரோலில் மாசு, முடிவு செல்லாது’ என்று எழுதித் தேதி போட்டாள். வெங்காய வேரை அழகாக வரைந்து முழு மதிப்பெண் வாங்கிய அதே கைதான் அதை எழுதியது. எட்டு வாரத்தில் எதைக் கற்க முடியும் என்ற கேள்விக்கு என் பதில் இந்த ஒரு வரி. அந்தக் கோடையில் அவளுக்கு வேறெந்த முடிவுமே கிடைக்காமல் போயிருந்தாலும் அவளை அனுப்பியது வீணில்லை என்றுதான் சொல்வேன்.

வரலாற்றில் மிகப் புகழ்பெற்ற ஒரு கோடையும் இப்படித்தான் சோதிக்கப்பட்டது. 1921 மே மாதம் டொரன்டோ பல்கலைக்கழகத்தில் ஃபிரெடெரிக் பான்டிங் என்ற அறுவை மருத்துவர் நீரிழிவுக்கு மருந்து தேடும் ஒரு யோசனையோடு வந்தார். ஆய்வுக்கூடமும் நாய்களும் தந்தவர் பேராசிரியர் ஜான் மெக்லியாட். உதவிக்கு, அப்போதுதான் இளநிலைப் படிப்பு முடித்திருந்த இரண்டு மாணவர்கள் இருந்தார்கள். யார் முதலில் போவது என்று அவர்கள் பூவா தலையா போட்டுப் பார்க்க, 22 வயது சார்லஸ் பெஸ்டுக்கு அந்த வாய்ப்பு வந்தது. நாய்களின் ரத்தத்தில் சர்க்கரையை அளப்பது அவருடைய வேலை. கணையச் சாற்றை ஊசியில் ஏற்றியதும் சர்க்கரை இறங்கியதை அந்தக் கோடையில் பான்டிங்கும் பெஸ்டும் கண்டார்கள். ஸ்காட்லாந்து போயிருந்த மெக்லியாட் செப்டம்பரில் திரும்பி வந்து முடிவுகளைப் பார்த்துவிட்டு, இது போதாது, இன்னும் கவனமாகச் சோதித்துப் பாருங்கள் என்றார். வேறு காரணத்தால் சர்க்கரை இறங்கியிருக்க வழியே இல்லை என்று காட்டச் சொன்னார். பான்டிங்குக்குக் கோபம் பொங்கியது. அந்த மனக்கசப்பு அவர்களுக்குள் கடைசிவரை ஆறவில்லை. ஆனாலும் சோதனைகள் தொடர்ந்தன. உயிர்வேதியியலாளர் ஜேம்ஸ் காலிப் வந்து சேர்ந்தார். 1922 ஜனவரி 11 அன்று 14 வயதுச் சிறுவன் லியோனார்ட் தாம்சனுக்குப் போட்ட முதல் ஊசி சரியாக வேலை செய்யவில்லை. சாறு போதிய அளவு தூய்மையாக இல்லை. காலிப் தூய்மைப்படுத்தித் தந்ததை 23ஆம் தேதி போட்டபோது சர்க்கரை இறங்கியது. அதுதான் இன்சுலின். 1923இல் நோபல் பரிசு பான்டிங்குக்கும் மெக்லியாடுக்கும் கிடைத்தது. தன் பரிசுத் தொகையில் பாதியைப் பான்டிங் பெஸ்டுக்குக் கொடுத்தார். ஒரு சாறு மருந்தாக மாறும் வழியில் ‘இது போதாது’ என்ற சொல்லை எத்தனை முறை தாங்க வேண்டியிருந்தது என்பதுதான் அந்தக் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது.

இன்னொரு மாணவரின் கதை இதைவிட அமைதியானது. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவில் கொதிநீர் ஊற்றுகள் உண்டு. இந்தியானா பல்கலைக்கழகப் பேராசிரியர் தாமஸ் ப்ராக் அவற்றில் வாழும் உயிர்களை ஆராய்ந்தார். 1966இல் அவரோடு வேலை செய்தவர் ஹட்சன் ஃப்ரீஸ் என்ற இளநிலை மாணவர். வெப்பம் விரும்பும் பாக்டீரியாக்களை 55 டிகிரியை ஒட்டி வளர்ப்பதுதான் அன்றைய வழக்கம். அந்த வெப்பத்தில் தேடியவர்களுக்கு அந்த வெப்பத்தில் வளர்பவையே கிடைத்தன. ப்ராக்கும் ஃப்ரீஸும் ஊற்று எந்தச் சூட்டில் இருந்ததோ அதே சூட்டில், 70 டிகிரியில், குழாய்களை வைத்தார்கள். தெளிந்திருந்த திரவம் கலங்கியது. உள்ளே வளர்ந்திருந்தது அதுவரை யாரும் அறியாத ஒரு பாக்டீரியா. தெர்மஸ் அக்வாடிகஸ் என்று பெயரிட்டு, 1969இல் இருவர் பெயரிலும் கட்டுரை வெளியிட்டார்கள். யார் வேண்டுமானாலும் பயன்படுத்தட்டும் என்று அந்தப் பாக்டீரியாவைப் பொதுச் சேமிப்பகத்தில் ஒப்படைத்தார்கள்.

அதன் பயன் அன்றைக்கு யாருக்கும் தெரியாது. 1983இல் கேரி முல்லிஸ் பி.சி.ஆர். முறையை யோசித்தபோது ஒரு தடை இருந்தது. 95 டிகிரிச் சூட்டில் நொதி செத்துவிடும். ஒவ்வொரு சுற்றுக்கும் புதிதாக நொதி ஊற்ற வேண்டும். கொதிநீரில் வாழும் அந்தப் பாக்டீரியாவின் நொதி சூட்டுக்கு அசையாது. அதைச் சேர்த்த பிறகுதான் பி.சி.ஆர். உலகம் முழுவதும் பரவியது. டேக் பாலிமரேஸ் என்ற அந்த நொதிதான் குற்றப் புலனாய்வில், மரபுநோய்ச் சோதனையில், கொரோனா காலத்து ஆய்வகங்களில் எல்லாம் வேலை செய்தது. என் மாணவியின் தண்ணீர்க் குழாயிலும் இருந்தது அதுவே. ஒரு மாணவர் நேர்மையாகப் பார்த்து எழுதி வைத்தது, அரை நூற்றாண்டு கழித்து இன்னொரு மாணவியின் நேர்மையைச் சோதித்திருக்கிறது. ஒரு கண்டுபிடிப்பின் விலையைத் தீர்மானிப்பது அதைக் கண்டவரின் கையில் இல்லை. கண்டதைக் கண்டபடி பதிவது மட்டும்தான் அவர் கையில் இருக்கிறது. ஆனால் பின்னால் வரும் அத்தனையும் அந்தப் பதிவின் மேல்தான் நிற்கிறது.

இந்தக் கோடைகள் எல்லோருக்கும் இப்படி அமைவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். எட்டு வாரமும் கண்ணாடிச் சாமான் கழுவிவிட்டு, வெறும் சான்றிதழோடு திரும்பும் பிள்ளைகள் உண்டு. சோதனை ஏன் செய்கிறோம் என்று யாரும் சொல்லாததால், கை மட்டும் பழகித் திரும்புகிறவர்கள் உண்டு. இவர்களைவிட அதிகம் பேர் இடமே கிடைக்காதவர்கள். எங்கே விண்ணப்பிப்பது என்று சொல்ல ஆளில்லாத கல்லூரிகளில் படிக்கிறவர்கள், பரிந்துரைக் கடிதம் தர ஒரு பேராசிரியர் வாய்க்காதவர்கள், கோடையில் வேலைக்குப் போனால்தான் அடுத்த பருவக் கட்டணம் கட்ட முடியும் என்ற நிலையில் இருப்பவர்கள், மகளைத் தனியாக வெளியூர் அனுப்பத் துணியாத வீட்டில் பிறந்தவர்கள். திறமையில் இவர்கள் எந்த வகையிலும் குறைந்தவர்கள் இல்லை.

ஆனால் நான் சொல்லும் அந்தப் பாடத்துக்கு விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. கல்லூரி வளாகத்துக் குளத்துத் தண்ணீரை ஒரு மாதம் தினமும் பார்த்து எழுதலாம். இரண்டு தொட்டி அவரை விதைத்து, ஒன்றுக்கு மட்டும் மண்புழு உரம் போட்டு அளக்கலாம். விடை ஆசிரியருக்கும் தெரியாத ஒரு கேள்வி வேண்டும். ஒன்றும் செய்யாமல் விட்டுவைத்த ஒரு தொட்டி வேண்டும். எதிர்பார்த்தது வராவிட்டால் அதை அப்படியே எழுதும் மாணவருக்கு முழு மதிப்பெண் போடும் மனசு ஆசிரியருக்கு வேண்டும். கடைசியாகச் சொன்னதுதான் நம்மிடம் மிகவும் அரிது. நுண்ணோக்கியில் தெரிந்த சிவப்புத் திட்டையே வரைந்து, ‘எனக்கு நான்கு நிலைகளும் தெரியவில்லை’ என்று எழுதும் மாணவிக்கு நாம் என்ன மதிப்பெண் போடுவோம் என்பதில் இந்த நாட்டு அறிவியலின் எதிர்காலம் இருக்கிறது.

கோடை முடிந்து திரும்பும் எல்லோரும் விஞ்ஞானி ஆகப் போவதில்லை. ஒருவர் வங்கியில் சேர்வார், ஒருவர் ஆசிரியர் ஆவார், ஒருவர் ஆட்சிப் பணிக்குப் படிப்பார். அவர்களுக்கு இந்த எட்டு வாரம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இது. நேர்மை என்றால் பொய் சொல்லாமல் இருப்பது என்றுதான் நாம் குழந்தைகளுக்குச் சொல்லித் தருகிறோம். அது முதல் படி மட்டுமே. பொய் என்று தெரியாமலேயே ஒன்றை நம்பிக்கொண்டிருப்பவர் வாய்விட்டுப் பொய் சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் வாழ்நாள் முழுக்கத் தவறாக நடக்கலாம். தன் மருந்து பலித்ததென்று நம்பும் மருத்துவரும், தன் திட்டம் மக்களுக்கு நன்மை செய்ததென்று நம்பும் அதிகாரியும், தன் கண்டிப்பால்தான் பிள்ளை உருப்பட்டதென்று நம்பும் தந்தையும் உண்மையானவர்களாகவே இருக்கலாம். மருந்து இல்லாமலும் நோய் ஆறியிருக்குமா, திட்டம் வராமலும் நிலைமை மாறியிருக்குமா என்று பார்க்க அவர்கள் ஓர் இடம் விட்டுவைக்கவில்லை, அவ்வளவுதான். அந்த இடம் இல்லாதபோது நல்ல எண்ணமே நம்மை ஏமாற்றிவிடும்.

தான் நம்புவது தவறாக இருந்தால் அது தனக்குத் தெரியவரும்படி, முன்கூட்டியே, தன் கையாலேயே ஏற்பாடு செய்து வைப்பதுதான் முழு நேர்மை. அந்த ஏற்பாடு தனக்கு எதிராகப் பேசும்போது அதன் வாயை அடைக்காமல், அது சொன்னதை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இருபது வயதில் ஒருவர் இதை ஒருமுறை தன் கையால் செய்துவிட்டால், எந்தத் தொழிலுக்குப் போனாலும் அந்தப் பழக்கம் அவரோடு போகும். தனக்கு எதிரான சாட்சிக்கும் இடம் ஒதுக்கத் தெரிந்தவரையே நான் படித்தவர் என்பேன்.